தக்கையும் மணியும்

மீன் பிடிப்பதைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்திருக்கும் புத்தகங்களைச் சேர்த்து வைத்தால் ஒரு தனி நூல்நிலையமே வைக்கலாம். வயிற்றுப் பிழைப்புக்காக வலை வீசுகிறவர்களைப் பற்றிய புத்தகங்களை நான் சொல்லவில்லை. விடுமுறை நாளில் ஒரு கோலை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ போய் உட்கார்ந்து, நாள் முழுவதும் வெயிலிலும் மழையிலும் கிடந்து, பிடித்த மீனையும் பல சமயங்களில் தண்ணீரிலேயே திருப்பி விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறார்களே, அந்த விசித்திரப் பிறவிகள் எழுதிய புத்தகங்களைச் சொல்லுகிறேன். நம்மவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படுவதில் ஆச்சரியமில்லை. தின்பதற்கில்லாத மீனை எதற்காகப் பிடிப்பது என்று என் வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனாலும் கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்தப் புத்தகங்களில் சிலவற்றை நான் திரும்பத் திரும்பப் படித்து வருகிறேன். இவற்றுக்குள் ஒரு சண்டை நடக்கிறது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் அது சாமான்களைப் பற்றிய சண்டை. உள்ளே போய்ப் பார்த்தால், பார்ப்பது என்பது யாருடைய வேலை என்கிற சண்டை. பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் எழுத்தாளன். அதனால் அந்தச் சண்டையில் எனக்கும் பங்கு உண்டு.

பழைய கட்சிக்காரர் சொல்லுவது இது: மீனைப் பிடிப்பது தூண்டில் அல்ல, கண். எந்தக் கல்லுக்குப் பின்னால் நீர் தணிந்து சுழல்கிறது, எந்தக் காற்று எந்தக் கரையில் இரையைக் கொண்டுபோய் ஒதுக்கும், எந்த நாணலில் காற்றில்லாமலே ஓர் அசைவு தெரிகிறது என்பதெல்லாம் வருஷக் கணக்கில் கரையில் கிடந்து கற்க வேண்டிய வித்தை. புதிய கட்சிக்காரர் ஒரு பெட்டியைக் காட்டுகிறார். ஒலி அலையைத் தண்ணீருக்குள் அனுப்பி, அது திரும்பி வருவதைக் கணக்கிட்டு, அடியில் இருப்பதைத் திரையில் வரைந்து காட்டும் யந்திரம். ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் சுமாராகக் காட்டும் ஸோனார் யந்திரங்கள் பல காலமாக இருக்கின்றன. 2018ல் கார்மின் கம்பெனி வெளியிட்ட 'லைவ்ஸ்கோப்' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. படகுக்கு எதிரே தண்ணீருக்குள் மீன் திரும்புவதையும், நாம் போட்ட இரை இறங்குவதையும், மீன் அதை நோக்கி வருவதையும் அந்தந்த விநாடியிலேயே திரையில் பார்க்கலாம். அமெரிக்காவில் பாஸ் மீன் போட்டிகளில் லட்சக் கணக்கான டாலர் பரிசு உண்டு. போட்டியில் இறங்குகிறவர்கள் ஏரியைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கத் தொடங்கியதும் அங்கே பெரிய ரகளை. 2025ல் ஒரு பெரிய போட்டித் தொடரில், ஒரு நாளின் மூன்று பகுதிகளில் ஏதாவது ஒன்றில் மட்டுமே இதை உபயோகிக்கலாம் என்று விதி செய்தார்கள். சூதாட்டத்தைத் தர்மராஜனைக் கொண்டே ஒழுங்குபடுத்தியது போல ஒரு சமரசம்!

இந்தச் சண்டை புதிதல்ல. இந்த இலக்கியத்துக்கெல்லாம் பாட்டனாரான ஐஸக் வால்ட்டன் 1653ல் 'தி கம்ப்ளீட் ஆங்க்ளர்' என்ற நூலை வெளியிட்டார். அவர் காலத்து நரம்பு குதிரை வால் மயிரால் திரித்தது. அந்தப் புத்தகத்திலேயே, ஸால்மன் மீனுக்காகச் சிலர் கோலில் ஒரு சக்கரத்தை மாட்டிக்கொள்ளுகிறார்கள் என்று ஒரு பிரஸ்தாபம் வருகிறது. நரம்பைச் சுற்றி வைக்கும் சக்கரந்தான். அவருக்கு அது ஒரு வேடிக்கைப் பொருள். இன்று அந்த நாட்டில் அது சர்வ சாதாரணம். வால்ட்டனை ஒரு மகானாகக் கொண்டாடுவது இங்கிலீஷ்காரர்களின் வழக்கம். என் அபிப்பிராயத்தில் அவருக்கு மீனைப் பார்க்கும் கண் கொஞ்சம் மட்டுந்தான். ஒருவகைக் களைச் செடியிலிருந்து பைக் மீன் பிறக்கிறது என்கிற கட்டுக்கதையை அவர் சிரத்தையோடு எடுத்துச் சொல்லுகிறார். புல்வெளியையும் சத்திரத்தையும் நண்பர்கள் பேச்சையும் பற்றி எழுதும்போதுதான் மனிதர் ஜொலிக்கிறார். பின்னால், 1676ல், சார்லஸ் காட்டன் அந்த நூலுக்கு ஒரு பகுதி எழுதிச் சேர்த்தார். ஓடும் நீரை உண்மையிலேயே அறிந்தவர் காட்டன். ஆனால் மக்கள் நினைவில் நிற்பவர் வால்ட்டன். இலக்கியத்தில் நியாயம் இப்படித்தான் வழங்கப்படுகிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் வேறொருவர். ரிச்சர்ட் வாக்கர். 1918ல் பிறந்து 1985ல் காலமானவர். தொழில் என்ஜினீயர், யுத்த காலத்தில் ராடார் ஆராய்ச்சியில் வேலை செய்தவர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரிய கெண்டை மீனைத் தூண்டிலில் பிடிப்பது நடக்காத காரியம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அதற்கு மனிதனைவிடப் புத்தி அதிகம், அதன் வாயில் முள் ஏறாது என்பார்கள். இந்த நம்பிக்கையின் வாசனை முழுவதும் 1950ல் 'பீபீ' என்ற புனைபெயரில் எழுதியவரின் 'கன்பெஷன்ஸ் ஆப் எ கார்ப் பிஷர்' என்ற புத்தகத்தில் இருக்கிறது. பழைய மடங்களின் குளங்கள், அந்தி வெளிச்சம், நீருக்கடியில் அசையும் பெரிய நிழல்கள் எல்லாம் வருகின்றன. அழகான எழுத்துத்தான், அவரே போட்ட சித்திரங்கள் இன்னும் அழகு. ஆனால் பனி அதிகம், மீன் குறைவு.

வாக்கர் இந்த மந்திர மாயத்தை நம்பவில்லை. கெண்டைக்கு அபார புத்தி இல்லை, அதற்குப் பயம் அதிகம், அவ்வளவுதான் என்று கண்டுகொண்டார். அது எப்போது மேய்கிறது, எங்கே மேய்கிறது, எதற்கு மிரளுகிறது என்று கரையில் கிடந்து பார்த்தார். இரவில் அது கரையோரம் வருகிறது என்றால் மனிதனும் இரவில் விழித்திருக்க வேண்டும். இருட்டில் தக்கையோ நரம்போ தெரியாது. ஆகையால் நரம்பு அசைந்தால் மின்சாரத் தொடர்பு ஏற்பட்டுச் சத்தம் எழுப்பும் ஒரு சிறு கருவியைத் தாமே செய்தார். 1952 செப்டம்பர் 13ந் தேதி விடியுமுன், ஹெரிபோர்டுஷயரில் ரெட்மையர் என்ற சின்னஞ்சிறு குளத்தில் அவர் பிடித்த கெண்டை 44 ராத்தல், அதாவது ஏறக்குறைய 20 கிலோ. அது லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1971 வரைக்கும் உயிரோடு இருந்து, பார்க்க வந்தவர்களுக்குத் தரிசனம் கொடுத்துக்கொண்டிருந்தது. மறு வருஷமே, 1953ல், அவருடைய 'ஸ்டில்-வாட்டர் ஆங்க்லிங்' வெளிவந்தது.

அந்தப் புத்தகத்தை ரஸனைக்காக யாரும் படிக்க மாட்டார்கள். வசனம் மோட்டார் பழுது பார்க்கும் கையேட்டைப்போல் இருக்கும். ஆனாலும் பீபீயைவிட வாக்கரிடம்தான் தண்ணீர் அதிகமாக இருக்கிறது என்பது என் கட்சி. சாமான்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற அதே மனிதர், மீன் இருக்குமிடத்தைக் காண்பதும் அதை மிரட்டாமல் இருப்பதுமே முக்கியம், மற்றவை பிறகு என்று அடித்துச் சொல்லுகிறார். அவருடைய மணி, அவர் கண்ணுக்குப் பதிலாக வந்ததல்ல. நூறு இரவுகள் பார்த்து, இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் என்று அவர் தீர்மானித்த பிறகு, கண்ணுக்கு எட்டாத கடைசி ஒரு முழத்துக்கு அவர் போட்ட பாலம் அது.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பாலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கு இங்கிலாந்தில் கெண்டை பிடிக்கப் போகிறவர் மூன்று கோலை வரிசையாகத் தாங்கியில் வைத்து, மூன்றுக்கும் மின்மணி மாட்டி, இரையைத் தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதற்குச் சின்ன ரேடியோப் படகு ஒன்றை விட்டுவிட்டு, கூடாரத்துக்குள் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்ளலாம். மணியடித்தால் எழுந்தால் போதும். குளம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தாலும் பாதகமில்லை.

இதைக் கண்டு மனம் வெதும்பியவர்களில் முக்கியமானவர் கிறிஸ் யேட்ஸ். அதே ரெட்மையர் குளத்தில் 1980 ஜூன் 16ந் தேதி 51½ ராத்தல் கெண்டையைப் பிடித்து வாக்கரின் சாதனையை முறியடித்தவர். மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்த பழைய மாதிரிக் கோல். இரை, மக்காச்சோள மணி. 'காஸ்டிங் அட் தி சன்' (1986), 'தி சீக்ரெட் கார்ப்' (1992) ஆகியவை இவருடைய புத்தகங்கள். நல்ல எழுத்தாளர். ஒரு நாள் முழுவதும் ஒன்றுமே நடக்காததை எழுதிப் படிக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இவரால் அது முடிகிறது. ஆனால் ஒரு குறை சொல்ல வேண்டும். மூங்கில் கோலுக்கே ஏதோ புனிதம் இருப்பதுபோன்ற ஒரு தொனி இவருடைய எழுத்தில் அடிக்கடி தலை நீட்டுகிறது. இவரும் இவரைப் பின்பற்றுகிறவர்களும் போற்றும் 'மார்க் போர்' கோலை வகுத்தவர் யார்? அந்த என்ஜினீயர் வாக்கரேதான். ஒரு தலைமுறையின் நவீனம் அடுத்த தலைமுறைக்குப் புராதனமாகிவிடுகிறது. கதர் கட்டியவனெல்லாம் காந்தி அல்ல. மூங்கில் பிடித்தவனெல்லாம் தண்ணீர் அறிந்தவனும் அல்ல. யேட்ஸுக்குத் தண்ணீர் தெரியும். அவரைப் பார்த்து மூங்கில் வாங்கியவர்கள் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

இங்கே ஒரு சொந்த விஷயம். சிறு வயதில் எங்கள் ஊர்க் குளத்தில் ஒரு கிழவர் விரால் பிடிப்பார். ஒரு கம்பு, கொஞ்சம் தங்கூசி, ஒரு முள், உயிருள்ள தவளை. தக்கைகூடக் கிடையாது. அவர் பாட்டுக்குக் கரையைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பார். தண்ணீர் மேல் ஓரிடத்தில் செம்புக் காசுகளை அள்ளிக் கொட்டினாற்போல ஒரு கூட்டம் மினுமினுக்கும். விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் இருக்கும். விரால் வெறும் செவுளை மட்டும் நம்பி உயிர் வாழ்கிற மீனல்ல. மூச்சு விட மேலே வந்தே தீர வேண்டும். கிழவர் அந்த நேரத்துக்காக நிற்பார். "தம்பி, கம்பையே பாத்துக்கிட்டு நிக்காதே, தண்ணியப் பாரு" என்பார். குஞ்சோடு இருக்கிற விராலைப் பிடிப்பது பாவம் என்றும் அவரே சொல்லுவார், பிடிக்கவும் செய்வார். அவர் வீட்டில் ஆறு பேர் சாப்பிட வேண்டியிருந்தது. இந்த மாதிரி முரண்பாட்டை ஆங்கிலப் புத்தகங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்களுக்குப் பசி இல்லை என்பதுதான் காரணம்.

இனி கதைக்கு வருகிறேன்.

ஹெமிங்வேயின் 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' 1925ல் வெளிவந்தது. நிக் என்ற வாலிபன் ரயிலிலிருந்து இறங்குகிறான். ஊர் தீயில் எரிந்து கிடக்கிறது. பாலத்தில் நின்று ஆற்றைப் பார்க்கிறான். நடந்துபோய்க் கூடாரம் அடிக்கிறான், சமைத்துச் சாப்பிடுகிறான், மறுநாள் மீன் பிடிக்கிறான். அவ்வளவுதான் கதை. யுத்தத்திலிருந்து திரும்பியவனைப் பற்றிய கதை இது. யுத்தம் என்ற சொல்லே அதில் வராது. இதை எத்தனையோ விமரிசகர்கள் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது வேறு.

இந்தக் கதையில் மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் ஆசிரியர் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுகிறார். பாலத்தின் மேலிருந்து நிக் பார்க்கும்போது முதலில் தெரிவது, நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நிற்கும் டிரவுட் மீன்கள். (நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, அந்த ஜாதி மீன்.) வெகு நேரம் பார்த்த பிறகுதான் அடியில் இருக்கும் பெரிய மீன்கள் கண்ணுக்குப் புலப்படுகின்றன. ஒரு மீன்கொத்தி பறக்கிறது. பெரிய மீன் ஒன்று எதிர்நீச்சலில் பாய்கிறது. அதன் நிழல் நீரில் ஓடுவதை முதலில் காட்டுகிறார், மீனைப் பிறகு. வெட்டுக்கிளியை இரைக்காகப் பிடிக்க வேண்டுமென்றால், வெயில் ஏறினபின் அவை துள்ளி ஓடிவிடும். பனியில் நனைந்து குளிரில் விறைத்துக் கிடக்கும் விடியற்காலையில் கட்டைக்கடியில் புரட்டினால் ஒரு சீசா நிறைய அள்ளிக்கொள்ளலாம். சின்ன மீன் ஒன்றை முள்ளிலிருந்து எடுத்து விடுமுன் கையை நனைத்துக்கொள்ளுகிறான்; உலர்ந்த கை பட்டால் மீனின் மேல் உள்ள வழவழப்புப் போய் அந்த இடத்தில் பூசணம் பற்றும் என்று அவனுக்குத் தெரியும்.

இவ்வளவும் ஒரு தேர்ந்த தூண்டில்காரனின் அறிவு. இதையெல்லாம் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், சரியாகச் செய்வதன் மூலந்தான் நிக் தன் புத்தி சிதறாமல் ஒரு நாளைக் கடத்துகிறான். ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு சதுப்பு இருக்கிறது. அங்கே நல்ல மீன் உண்டு. ஆனால் அங்கே இறங்க இன்றைக்கு அவனால் முடியாது. போவதா வேண்டாமா என்று நிதானித்து விலகிக்கொள்ளுகிறான்.

இப்போது நிக்கின் கையில் அந்தத் திரையைக் கொடுத்துப் பாருங்கள். மீன் அதிகம் கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். கதை என்ன ஆகிறது? பாலத்தின் மேல் அவ்வளவு நேரம் நிற்க வேண்டியதில்லை. அடியில் இருக்கும் பெரிய மீன் மெல்ல மெல்லப் புலப்பட வேண்டியதில்லை. சதுப்புக்குள் என்ன இருக்கிறது என்பதுகூடப் படமாகத் தெரிந்துவிடும். அப்புறம் அதற்குப் பயப்பட என்ன இருக்கிறது? நிக்குக்கு வேண்டியது மீன் அல்ல, மீனைத் தேடுவதில் செலவாகும் கவனம். யந்திரம் மீனைக் கொடுத்துக் கவனத்தை வாங்கிக்கொண்டுவிடும். வியாபாரம் என்று பார்த்தால் அது அவனுக்கு நஷ்டம்.

இதற்கு நேர் மறுபக்கத்தைக் காட்டுகிறது நார்மன் மக்ளீனின் 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்'. மக்ளீன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதித்தவர். ஓய்வு பெற்றபின் எழுதி, 1976ல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, இதை வெளியிட்டார். 1992ல் ராபர்ட் ரெட்போர்டு படமாக எடுத்தார். படத்தைப் பார்த்தவர்கள் புத்தகத்தைப் பார்த்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மாண்ட்டனா மாகாணத்தில் ஒரு பாதிரியார், அவருடைய இரண்டு பிள்ளைகள். நரம்பை வீசுவதற்குத் தாளக்கட்டு உண்டு என்று தகப்பனார் நாலு எண்ணிக்கையில் கற்றுக்கொடுக்கிறார். நம் வீட்டில் பாட்டு வாத்தியார் தொடையில் தட்டிக் காட்டுவதுபோல. இளையவன் பால் அபூர்வக் கலைஞன். கண்ணுக்குத் தெரிந்த ஓர் அடையாளத்திலிருந்து தெரியாததைப் பிடித்துவிடுகிறான். நீருக்கு மேல் பறக்கும் பூச்சியை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மீன் தின்பது மூழ்கிச் செத்த பூச்சியை என்று கண்டுகொள்ளுகிறவன் அவன்.

ஆனால் அவன் குடிக்கிறான், சீட்டாட்டத்தில் கடன் படுகிறான், கடைசியில் யாரோ அடித்துக் கொன்று தெருவில் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆற்றின் ஒவ்வொரு சுழியையும் பார்த்து அர்த்தம் சொல்லத் தெரிந்த அண்ணனுக்கும் தகப்பனாருக்கும், தங்கள் பக்கத்திலேயே இடுப்பளவு நீரில் நின்ற பிள்ளையின் அடி ஆழம் தெரியவில்லை. மீனைப் பார்க்கும் கண், மனிதனைப் பார்க்க உதவவில்லை. தண்ணீர் வித்தையைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தை வசதியாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழைய வித்தை தெரிந்தவன் நல்ல மனிதன் என்றோ, ஞானி என்றோ மக்ளீன் சொல்லவில்லை. வித்தை எங்கே முடிந்துபோகிறது என்பதை, அந்த வித்தையில் ஊறியவர் ஒருவரே சொன்னதனால்தான் அது பெரிய புத்தகம். யேட்ஸிடம் நான் காணாத கடுமை இதில் இருக்கிறது.

வாசகர் ஒருவர் கேட்கலாம்: நம் எழுத்தில் இதெல்லாம் இல்லையா? கடலைப் பற்றி உண்டு. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977), ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க்கரையில்' (1978), ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) ஆகியவற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பிழைத்தவர்களின் அறிவு அது. அங்கே யந்திரத்தைப் பற்றிய கேள்வியே வேறு. ஆழம் காட்டும் கருவியும் திசை காட்டும் கருவியும் கடலில் போகிறவன் உயிரோடு திரும்பவும், அவன் வீட்டில் அடுப்பு எரியவும் உதவுகின்றன. பழைய வித்தை அழிகிறதே என்று கரையில் நாற்காலி போட்டு அமர்ந்து வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை. விளையாட்டுக்காகப் பிடிக்கிறவனுடைய விஷயம் அப்படியல்ல. கஷ்டத்தை அவனே விரும்பித் தேர்ந்துகொண்டான். அதைக் குறைக்கக் காசு கொடுக்கும்போது, எதற்காக வந்தோம் என்று அவன் ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம்.

நல்ல தண்ணீரைப் பற்றி நம் கதைகளில் நான் தேடிப் பார்த்த வரையில் கிடைத்தது கொஞ்சம். ஏரியும் குளமும் வராத கிராமத்துக் கதை கிடையாது. ஆனால் அநேகமாக அவை குளிக்கவும், குடம் நிரப்பவும், பெண்கள் பேசிக்கொள்ளவும், சில சமயம் விழுந்து சாகவும் வருகின்றன. அடியில் என்ன நீந்துகிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஹென்றி ஸல்லிவன் தாமஸ் என்ற துரை 1873ல் 'தி ராட் இன் இந்தியா' என்றும், 1887ல் 'டாங்க் ஆங்க்லிங் இன் இந்தியா' என்றும் இரண்டு புத்தகங்கள் எழுதினார். பின்னது முழுக்க முழுக்க நம் நாட்டுக் குளத்து மீன்களைத் தூண்டிலில் பிடிப்பதைப் பற்றி. வேறு வேலையாக வந்தவர், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கரையில் நடந்திருக்கிறார். எங்கள் ஊர்க் கிழவருக்கு அதில் பாதியாவது தெரிந்திருக்கும். அவருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த நாங்கள் அவரிடம் கேட்கவில்லை.

திரை யந்திரத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. அதை உபயோகிப்பவர்கள் சொல்லும் ஒரு விஷயம் என் மனத்தைத் தைத்தது. இரை இறங்குவது திரையில் தெரிகிறது. பெரிய மீன் ஒன்று புறப்பட்டு வருகிறது. இரைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நிற்கிறது. இரை நகர்ந்தால் கூடவே நகர்கிறது. பிறகு, என்ன காரணத்தாலோ, திரும்பிப் போய்விடுகிறது. முன்னெல்லாம் மீன் இல்லை என்று எண்ணிச் சமாதானம் அடைந்து வீட்டுக்குப் போகலாம். இப்போது அந்தச் சமாதானமும் இல்லை. மீன் இருந்தது, வந்தது, பார்த்தது, வேண்டாம் என்று விட்டுப் போயிற்று. எல்லாம் கண்ணெதிரே. ஏன் என்பது மட்டும் திரையில் வராது.

இதை வைத்து யாரும் இன்னும் ஒரு நல்ல கதை எழுதியதாகத் தெரியவில்லை. படகில் தனியே நிற்கும் ஒருவன், கையில் கோல், முகத்தில் திரையின் வெளிச்சம், திரும்பிப் போகும் அந்த மீன். ஹெமிங்வேக்குக் கிடைக்காத காட்சி இது. எழுதுகிறவன் தண்ணீரும் தெரிந்தவனாக இருந்துவிட்டால், வாக்கரின் கட்சியா யேட்ஸின் கட்சியா என்று பாராமல் அந்தக் கதையை நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.